திறப்பு பூஜ்யம், மூடல் பூஜ்யம்

அக்காவின் புருஷனான அத்தானை நாலு பேர் முன்னால் நாறடிக்க வேண்டும் என்று சின்னவள் முடிவு செய்து ஒரு வருஷம் ஆகிறது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதெல்லாம் அவளுக்குப் போதாது. அவரை உத்தமர் என்று யார் யார் நினைக்கிறார்களோ அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த மனுஷன் பேச்சு மூச்சற்று உட்கார வேண்டும். அதற்குத் தோதான இடம் கமிட்டிக் கூட்டம்தான்.

கமிட்டி என்றால் மாலை மரியாதை வாங்குகிற கமிட்டி அல்ல. வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு, ஒரு பைசா சம்பளம் இல்லாமல், கம்ப்யூட்டர் திரையில் கூடிச் சண்டை போடுகிறவர்கள். அத்தானும் சின்னவளும் அதில் உண்டு. ஒரு கிளினிக்கின் வெப்சைட்டில் 'காலை ஒன்பது முதல் ஒன்று வரை' என்று போட்டிருந்தால் மனுஷருக்குப் புரியும்; போனில் இருக்கிற மேப்புக்குப் புரியாது. அதற்குப் புரிகிற மாதிரி, பக்கத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத குறிகளைச் செருக வேண்டும். ஆளாளுக்கு இஷ்டத்துக்குக் குறி போட்டால் மேப்புக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எல்லோரும் ஒரே மாதிரி போடுவதற்கு விதி எழுதுவதுதான் கமிட்டியின் வேலை. எல்லோரும் சம்மதித்தால்தான் விதி நிறைவேறும். ஒருத்தர் காரணத்தோடு மறுத்தாலும் அங்கேயே நின்றுவிடும்.

கிளினிக்குகளுக்கான விதியின் முதல் வரைவை எழுதியவள் சின்னவள். பஸ் கம்பெனி ஒன்றின் வெப்சைட்டைக் கட்டி மேய்க்கிற வேலைக்குப் போய்க்கொண்டே, லீவு நாட்களில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். "குடு, ஒரு தடவ பாத்துட்டுத் தரேன்" என்று அத்தான் வாங்கிப் போனார். பார்த்தார், நன்றாகவே பார்த்தார். அடுத்த கூட்டத்தில் அது அவர் பெயரில் வந்து நின்றது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், இலவசமாகக் கம்ப்யூட்டர் சர்வர் தந்தவனுக்கும் கீழே, இவள் பெயர். சின்னவள் அக்காவின் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். போன் வந்தாலும் எடுப்பதில்லை. அத்தான் அந்த வரைவை வைத்தே கடை விரித்தார். வீட்டு முன்னறையை ஆபீஸாக்கி, புருஷனும் பெண்டாட்டியுமாகக் கிளினிக்குகளுக்கு வெப்சைட் பக்கம் செய்து கொடுத்தார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமைக் காலையில் அப்பாவுக்கு வாய் கோணியது. அம்மா அலறினாள். சின்னவள் போனில் மேப்பைத் தட்டினாள். பக்கத்துத் தெரு நரம்பு டாக்டர், 'நாள் முழுவதும் திறந்திருக்கும்' என்று காட்டியது. காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனால் ஷட்டர் பூட்டிக் கிடந்தது. உள்ளே யாராவது இருப்பார்கள் என்று அம்மா இரண்டு கையாலும் ஷட்டரை அடித்துக்கொண்டே இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று இழுத்தார்கள். அப்பாவின் வலது கையும் பேச்சும் போனது போனதுதான்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி சின்னவள் அந்தக் கிளினிக்கின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மனுஷர் பார்க்கிற இடத்தில் 'திங்கள் விடுமுறை' என்று ஒழுங்காகத்தான் இருந்தது. உள்ளே இருந்த குறிகளைத் தோண்டினாள். திங்கள்: திறப்பு பூஜ்யம் மணி, மூடல் பூஜ்யம் மணி. நள்ளிரவில் திறந்து மறு நள்ளிரவில் மூடுகிற இடம் என்று மேப் அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தின் அடியில் அத்தான் கம்பெனியின் பெயர். சின்னவளுக்கு அழுகை வரவில்லை. 'மாட்டிக்கிட்டீங்களா' என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை.

"இப்படிப் போட்டவன் எவன்டி?" என்று அம்மா கேட்டபடியே இருந்தாள். "கண்டுபிடிச்சுச் சொல்றேம்மா" என்று இவளும் சொன்னபடியே இருந்தாள். அம்மாவிடம் சொன்னால் அக்காவுக்குப் போகும். அக்காவிடமிருந்து அத்தானுக்குப் போகும். அவர் சத்தமில்லாமல் அந்தப் பூஜ்ய வரியை மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருப்பார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் வரி அப்படியே இருக்க வேண்டும். இந்த ஒரு வருஷத்தில் வேறு யாராவது திங்கட்கிழமை அந்த ஷட்டரை அடித்திருப்பார்களா என்ற நினைப்பு வரும். வந்ததும் அதைத் தள்ளிவிடுவாள்.

விதியை நிறைவேற்றும் கடைசிக் கூட்டம் ஞாயிறு மதியம் கூடியது. அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அப்பாவும் கேட்கட்டும் என்று சின்னவள் அவரது சக்கர நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். திரையில் அத்தான் சிரித்த முகமாக இருந்தார். தோளோடு தோளாக அக்கா.

கூட்டத்தை நடத்துகிற அம்மாள் ஒரு நூலகர். "யாருக்காவது மறுப்பு இருக்கா?"

"எனக்கு இருக்கு" என்றாள் சின்னவள்.

"சொல்லும்மா. நம்ம வீட்டுப் பிள்ளதான்" என்று அத்தான் மற்றவர்களுக்கு அறிமுகம் வேறு செய்தார்.

"இந்த வரைவ எழுதினது யாரு அத்தான்?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "நீயும் ஒத்தாசை பண்ண..."

"ஒத்தாசையா? இதுல உங்க வரி ஒண்ணு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு."

அத்தான் பெண்டாட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அவ எழுதினதுதான். மொத்தமும்."

"மொத்தமும்னு குறிப்புல ஏத்திக்குங்க மேடம்" என்றாள் சின்னவள். நூலகர் தட்டெழுதுவது கேட்டது. சின்னவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பிறகு அந்தக் கிளினிக்கின் பக்கத்தை எல்லோருடைய திரையிலும் விரித்தாள். இரண்டு பூஜ்யங்களைக் காட்டினாள். ஷட்டரைச் சொன்னாள், அம்மாவின் கைகளைச் சொன்னாள். "இதோ உக்காந்திருக்காரே, எங்கப்பா" என்று கேமராவைத் திருப்பினாள். யாரோ ஐயோ என்றார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த வரியப் போட்டது யாரு அத்தான்?"

அவர் மறுபடி அக்காவைப் பார்த்தார். இந்தத் தடவை நெடுநேரம் பார்த்தார். "நான்தான்."

அத்தோடு விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை. இவ்வளவு நாள் கறுவியதற்கு இந்த ஒரு வார்த்தை எப்படிப் போதும்?

"எதுக்கு ரெண்டு பூஜ்யம்? காரணம் தெரிஞ்சாத்தானே விதியத் திருத்த முடியும்? சொல்லுங்க."

"கை தவறி..."

"கை தவறினா ஒரு இடத்துல தவறும். நீங்க செஞ்ச பக்கம் எல்லாத்துலயும் வார லீவன்னிக்கு இதேதான் இருக்கு. வாயத் திறங்க அத்தான்!"

"விடுடி அவர" என்றாள் அக்கா. குரல் மெதுவாகத்தான் வந்தது. "அவருக்கு அது என்னன்னே தெரியாது. பக்கமெல்லாம் செய்யறது நான். உன் வரைவுல லீவுன்னு சொல்ல இடமே இல்லயே? திறக்கற நேரம், மூடற நேரம், ரெண்டும் கட்டாயம்னு எழுதி வெச்சிருந்த. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்கல. என்ன போடறதுன்னு கேக்க உனக்குப் போன் மேல போன் போட்டேன், நீ எடுக்கல. தொறக்கவே இல்லன்னு அர்த்தம் வரும்னு ரெண்டுலயும் பூஜ்யம் போட்டேன்." திரையில் தெரிந்த அப்பாவைப் பார்த்தாள். "மேப்புதான் தப்பாக் காட்டுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேனே. நான் போட்ட பூஜ்யமாடி அது? நானா?"

அக்கா மறுபடி கேட்டாள். "உனக்கு இது ஒரு வருஷமாத் தெரியும். இல்ல?"

கோபத்தில் சின்னவளுக்கு இதுநாள்வரை அத்தான் ஒருவர்தான் கண்ணில் தெரிந்திருக்கிறார். அந்த முன்னறையில் இன்னொருத்தி உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பதே தோன்றவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அக்கா எழுந்து போய்விட்டாள். அவள் பின்னாலேயே அத்தானும் போனார். காலி நாற்காலிகள் மட்டும் திரையில் இருந்தன.

நூலகர் தொண்டையைச் செருமினார். "விடுமுறைக்குத் தனியா ஒரு குறி சேக்கணும். எழுதினவங்க பேரையும் மேல மாத்திடறேன். மறுப்பு இருக்கா?" ஒருவருக்கும் இல்லை. விதி நிறைவேறியது. முதல் வரியில் சின்னவளின் பெயர் ஏறியது, அவள் ஆசைப்பட்டபடியே.

அம்மா மருந்துப் பையோடு உள்ளே வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுபோச்சா? எவன்டி அவன்?"

அக்கா என்று சொல்லலாம். நான் என்றும் சொல்லலாம். சின்னவள் லேப்டாப்பை மூடினாள். "அத்தான்தாம்மா."

"நாசமாப் போறவன்!" அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணக் கட்டிக்கிட்டு எம் புருஷன் வாயையே புடுங்கிட்டானே! அவன் வெளங்குவானா? அவன் குடும்பம்..." குடும்பம் என்றால் பெரியவளும்தான் என்று நினைவு வந்து, அதை மட்டும் விழுங்கிவிட்டு மேலே திட்டினாள்.

அப்பா இடது கையால் நாற்காலியின் பிடியைத் தட்டினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தொண்டையிலிருந்து என்னவோ கிளம்பி, வார்த்தையாகாமல் வெறும் சத்தமாக வந்தது.

"பாருடி, அவருக்கும் வயிறு எரியுது. திட்டுங்க, நல்லாத் திட்டுங்க!" என்றாள் அம்மா.

அப்பா அம்மாவைப் பார்க்கவே இல்லை. சின்னவளையே பார்த்து, இல்லை இல்லை என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, அத்தானைத்தான் திட்டறாரு" என்றாள் சின்னவள்.