கோடில்லாத பூனை

அக்கா திரும்பி வர இன்னும் ஐந்தே நாள். அவள் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பூனையைக் காணோம்.

பூனையின் பெயர் மேனேஜர். அறை அறையாகப் போய் எல்லாவற்றையும் பார்வையிட்டுவிட்டு, எதுவும் பிடிக்காத முகத்தோடு திரும்பி வரும் என்பதால் அக்கா வைத்த பெயர். தலையிலிருந்து வால் நுனிவரை ஒரே சாம்பல் நிறம். பால்கனிக் கதவைச் சாத்த மறந்தவன் தம்பிதான். அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை.

"ஊர்ல இருக்கற லிஃப்ட் கதவெல்லாம் சரியா மூடுதான்னு பார்ப்பாரு. சொந்த வீட்டுக் கதவு மட்டும் கண்ணுக்குத் தெரியாது" என்று அவன் மனைவி வேளைக்கு ஒரு தரம் சொல்லிக்காட்டினாள்.

அவனிடம் மேனேஜரின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. போனைத் தூக்கினாலே கட்டிலுக்கடியில் ஓடிவிடும் ரகம் அது. அக்காவிடம் கேட்டால், எதற்கு என்று கேட்பாள். அதற்கு மேல் பேச்சு எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே வரைந்துவிடுவது என்று முடிவு செய்தான்.

பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன வேலை. பன்னிரண்டு மார்க்கர் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். காது, மீசை, அந்த அதிருப்திப் பார்வை எல்லாம் எப்படியோ வந்துவிட்டன. அப்புறம் உடம்புக்குச் சாம்பல் நிறம். கொஞ்சம் தீட்டுவான், மூடியைப் போட்டுவிட்டு எட்டி நின்று ரசிப்பான், மறுபடி கொஞ்சம் தீட்டுவான். மேலே சிவப்பில் 'காணவில்லை' என்று எழுதி, இருபது கலர் நகல் எடுத்துத் தெரு முழுக்க ஒட்டினான்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. "சார், உங்க பூனை எங்க வீட்டு ஜன்னல்ல உட்கார்ந்திருக்கு!"

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். பூனைதான். ஆனால் மேலெல்லாம் பட்டை பட்டையாகக் கோடு. மறுநாள் பள்ளி வேன் டிரைவர் அட்டைப்பெட்டியில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கும் கோடு. மூன்றாவதைத் தூக்கிவந்த பாட்டு டீச்சரின் கையெல்லாம் கீறல்.

"இது இல்லீங்க டீச்சர். எங்க பூனைக்குக் கோடே கிடையாது."

"கிடையாதா?" டீச்சர் கையோடு கொண்டுவந்திருந்த போஸ்டரை விரித்தார். "அப்ப இதெல்லாம் என்ன தம்பி? முதுகுல ஒம்பது கோடு. இதுக்கும் ஒம்பது. எண்ணிப் பார்த்துட்டுத்தானே புடிச்சேன்!"

அவன் தன் படத்தை முதன்முறையாக அடுத்தவர் கண்ணால் பார்த்தான். நிறுத்தி நிறுத்தித் தீட்டிய இடத்திலெல்லாம் காய்ந்த மையின் மேல் புது மை ஏறி, அடர்ந்த பட்டை விழுந்திருந்தது. ஒன்பது முறை ரசித்திருக்கிறான்.

வேலை முடிந்து வந்த மனைவியிடம் படத்தை நீட்டினான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவள் தொழில். முழங்கையில் பச்சைப் புள்ளிகளோடு குனிந்து பார்த்தாள்.

"சுவர் பாதியில இருக்கும்போது டீ குடிக்கப் போனா இப்படித்தான் ஆகும்."

"புரியற மாதிரி சொல்லேன்."

"ஓரம் காயறதுக்குள்ள அடுத்த கை அதுமேல போகணும். காஞ்சப்புறம் போனா திட்டுத் தெரியும். பெயிண்ட்டுக்கும் அதேதான், மார்க்கருக்கும் அதேதான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"மகாராஜா ஓவியம் தீட்டிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண எனக்கென்ன தலையெழுத்தா?"

மிஞ்சிய போஸ்டர்களின் பின்பக்கம் கட்டங்கள் போட்டு அவன் பழக ஆரம்பித்தான். முதல் கட்டத்தில் மறுபடி பட்டை. இரண்டாவதில் பட்டையை மறைக்கிறேன் என்று தேய்த்துத் தேய்த்து, தாள் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியது. நாலாவதில் மை மேஜைவரை ஊறிவிட, அடியில் கெட்டி அட்டை வைத்தான். சின்னச் சின்ன வட்டமாக, கையை எடுக்காமல், ஈரம் இருக்கும்போதே ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி தீட்டினான். பதினோராவது கட்டம் மழை வானம் மாதிரி ஒரே சீராக வந்தது. உடனே புதுத் தாளில் மேனேஜரை வரைய உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன். "மேனேஜர் என்னடா பண்றான்?"

"அவனைத்தான்க்கா வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"நீயா? அவன் அசையாம உட்கார்றானா?"

"அசையவே இல்லக்கா" என்றான் தாளைப் பார்த்துக்கொண்டே.

காலையில், மேலே அதே சிவப்பில் 'காணவில்லை' என்று எழுதிய புதுப் படத்தோடு மருந்துக்கடைக்குப் போனான். கண்ணாடிக் கதவில் இருந்த பழையதைக் கிழித்துவிட்டு அதை ஒட்டினான். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதையா தேடறீங்க? இது மூணு நாளா எங்க ஸ்டோர் ரூம்ல பஞ்சுப்பெட்டி மேல தூங்குதே!"

"அண்ணே! போஸ்டரைப் பார்க்கலையா?"

"பார்க்காம? யாரோ பாவம், கோடு போட்ட பூனையைத் தொலைச்சுட்டு அலையறாங்கன்னு இதுகிட்டகூடச் சொன்னேன்."

ஸ்டோர் ரூமுக்கு ஓடினான். மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. தாமதமாக வந்த ஊழியனைப் பார்க்கும் அதே பார்வை. அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தெரு முழுக்க நடந்து மீதிப் போஸ்டர்களை எல்லாம் கிழித்தான். மருந்துக்கடைக்காரர் மட்டும் புதுப் படத்தைக் கிழிக்க விடவில்லை. "அழகா இருக்கு தம்பி. ரெண்டு நாள் இருக்கட்டுமே." முதல் முதலாக ஒருவர் அவன் படத்தை அழகென்று சொல்லிவிட்டார், அவனால் மறுக்க முடியவில்லை.

சொன்ன நாளில் அக்கா வந்தாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் சுருட்டிய தாள். தலைவலி மாத்திரை வாங்க வழியில் இறங்கினாளாம். மேனேஜரைத் தூக்கி உச்சிமுதல் வால்வரை தடவிப் பார்த்துவிட்டு, தாளை மேஜையில் விரித்தாள்.

"படம் பிரமாதம்டா. அப்படியே அவன்தான்" என்றாள். "மேல சிவப்பா என்னவோ எழுதியிருக்கே, அதைக் கொஞ்சம் வாய்விட்டுப் படி, கேட்போம்."