இடக்கைக்குச் சித்ரகலா

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளை நடக்கவைத்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

திருமுருகன்பூண்டியில் அங்கமுத்து என்று ஒரு கட்டிங் மாஸ்டர். பனியன் கம்பெனி மேசையில் நூறு அடுக்குத் துணி பரப்பி, கத்தி மெஷினை ஓட்டி, நூல் பிசகாமல் அறுக்கிற கை அவனுக்கு. அறுக்கிறவர்கள் இடது கையில் கம்பி பின்னிய கையுறை மாட்டிக்கொள்வார்கள். துணியின் ஓரம் சுருண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க ஒரு நாள் அதைக் கழற்றினான். தடவிப் பார்த்தவன் திரும்ப மாட்ட மறந்தான். அவ்வளவுதான். கட்டைவிரல் நரம்பு அறுந்துபோனது. ஆபரேஷன் செய்து முழங்கை வரை கட்டுப் போட்டார்கள். "ஆறு வாரம் கழிச்சுப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

சும்மா உட்காரத் தெரியாத மனிதன். டிவிக்குக் கீழே போன வருஷ போனஸில் வாங்கிய கேம் பெட்டி இருந்தது. அதில் ஒரு ஆட்டத்தைப் பாதியில் விட்டிருந்தான். தண்ணீரில் மூழ்கிய ஒரு நாட்டில், ஒரு வேடன் வாளோடு கல் அரக்கனைத் தேடிப் போகிறான். சண்டைக்குச் சண்டை பலம் ஏறும், புது வித்தை சேரும். துணைக்கு ஒரு படகுக்காரி வருவாள். பெரிய கம்பெனி செய்த ஆட்டமில்லை. நம் ஊர் செகண்ட்ஸ் பனியன் மாதிரி: துணி அருமையான துணி, தையல்தான் அங்கங்கே விட்டிருக்கும். பேசும்போது உதடு ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் வரும். ஆடு ஒன்று சுவருக்குள் பாதி புகுந்து நின்று கத்திக்கொண்டே இருக்கும். படகுக்காரி நூறு தடவையும் "தண்ணி ஏறுது, போலாமா?" என்ற அர்த்தத்தில் ஒரே வசனத்தைச் சொல்லுவாள். ஆனால் வாள் கல்லில் படும்போது ணங்கென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை ஓங்கத் தோன்றும்.

கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் வேடன் நடக்க இடது கட்டைவிரல் வேண்டும், வெட்ட வலது கை வேண்டும். அங்கமுத்து மனைவியைக் கூப்பிட்டான்.

"கலா, இந்த இடது பக்கக் குச்சியை மட்டும் தள்ளு. நடக்கறது நீ, வெட்டறது நான்."

"ஏனுங்க, உங்களுக்குச் சோறு பெசஞ்சு குடுத்து, சட்டை மாட்டி உட்டேன். இப்ப உங்க வேடனையும் நான்தான் நடத்தோணுமா?" என்றபடியே அவன் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள் சித்ரகலா.

முதல் அரை மணி நேரம் வேடன் ஆற்றில் விழுந்துகொண்டே இருந்தான். அப்புறம் பிடிபட்டது. கல்யாணத்துக்கு முன் இருவரும் ஒரே மேசையில் துணி பரப்பியவர்கள்தானே? மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ரோலைப் பிரித்து, துணியின் இரு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு ஒரே நடையில் நடக்கவேண்டும். ஒருவர் முந்தினாலும் துணி சுருங்கிவிடும். அந்த நடை இருவர் காலிலும் இன்னும் இருந்தது. அது விரலுக்கு வந்துவிட்டது.

அங்கமுத்து ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் மடித்துச் சாமி முன் போட்டு, கைக்கு வந்த பூவை வைத்து நடக்குமா நடக்காதா என்று நம் பக்கத்தில் பூக்கேட்பார்கள் இல்லையா? அவன் இந்த ஆட்டத்திடம் பூக்கேட்டிருந்தான். கட்டுப் பிரிப்பதற்குள் கல் அரக்கன் விழுந்தால் கை திரும்பும், விழாவிட்டால், இல்லை.

அரக்கன் இருப்பது ஏழு மாடிக் கோபுரத்தின் உச்சியில். அங்கேதான் ஆட்டத்தின் பெரிய பொத்தல். கோபுரத்துக்குள் நுழைந்துவிட்டால் ஆடியது சேவ் ஆகாது. ஆகிற மாதிரி ஒரு சக்கரம் சுற்றும், ஆகாது. பெட்டியை அணைத்தால் மறுபடி ஆற்றங்கரையிலிருந்துதான். அதனால் மூன்று நாள் பெட்டியை அணைக்காமலே வைத்து ஆறு மாடி ஏறிவிட்டார்கள். கரண்ட் போனாலும் யூபிஎஸ் காப்பாற்றியது.

அன்று ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி, அதற்கு மறுநாள் கட்டுப் பிரிக்கிற நாள். ஒத்தாசைக்கு மடத்துக்குளத்திலிருந்து சித்ரகலாவின் தங்கை அன்புசெல்வி வந்திருந்தாள். "டிவியைத் தொட்டுப்போடாதே கண்ணு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, இருவரும் புண்ணுக்கு மருந்து மாற்ற ஆஸ்பத்திரி போனார்கள். மதியம் திரும்பி வந்தபோது வீடெல்லாம் சாம்பிராணி வாசம்.

"மாமா, பாத்தீங்களா! தையல் மெஷின், மிக்ஸி, உங்க கத்தரி, எல்லாத்தையும் தொடைச்சுப் பூசை போட்டாச்சு" என்றாள் அன்புசெல்வி.

பொரி கடலைக்கு நடுவில், கத்தரிக்குப் பக்கத்தில், கேம் பெட்டி. மூன்று விரல் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்தி. ஒயர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"அன்பு..." என்றாள் சித்ரகலா. "தொடாதேன்னு சொல்லீட்டுத்தானடி போனோம்?"

"டிவியைத் தொடவே இல்லீங்கக்கா! இந்தப் பொட்டி மூணு நாளா எரிஞ்சிட்டே கெடந்துச்சு, தொட்டாச் சுடுது. புடுங்கிக் குளுர வெச்சேன். கை செரியாகற வரைக்கும் இதுதானுங்களே மாமாவுக்கு ஆயுதம்?"

அவளை என்னவென்று திட்டுவது? அங்கமுத்துவின் வலது கை ஒயரை நோக்கி நீண்டது.

"ஐயோ மாமா, பூசையில வெச்சதை மறுபூசை பண்ணாம எடுக்கக் கூடாதுங்க!"

கையை மடக்கிக்கொண்டான். "நல்லது கண்ணு" என்றான். பொரி கொடுத்தாள். தின்றான்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டியதும் பெட்டியை எடுத்து மாட்டினார்கள். ஆற்றங்கரை. படகுக்காரி அதே வசனத்தைச் சொன்னாள். மூன்று நாள் ஏறியதை ஒரு பகலில் ஏறவேண்டும். அங்கமுத்து பறந்தான். அவள் விரல் போய்ச் சேருமுன் வாளை வீசினான். மேசையில் துணி சுருங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாடியில் வேடன் செத்தான், மறுபடி செத்தான், மறுபடியும்.

"எதுக்குங்க இத்தனை அவசரம்? அரக்கன் எங்க பஸ் ஏறியா போயிருவான்?"

அவன் மறுபடி வாளை ஓங்கினான். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் கையை உதறினாள். "போதுங்க. எனக்கு வெரலே மரத்துப்போச்சு."

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். "அசைங்க, பாக்கலாம்" என்றார் டாக்டர். அங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். கட்டைவிரல் யாருடையதோ போலக் கிடந்தது. "பயிற்சி பண்ணணும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ. வரும்னும் சொல்லமாட்டேன், வராதுன்னும் சொல்லமாட்டேன்."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அவனுக்குத் தாங்கவில்லை. பூக்கேட்ட கதையைச் சொன்னான். அன்புசெல்வி ஊருக்குப் போயிருந்தாள், நல்லவேளை.

சித்ரகலா, "பூக்கேக்க உங்களுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?" என்றாள். "உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போற பொட்டிகிட்டயா கேக்கறது?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதான். அவளால் அதை நிறுத்த முடியவில்லை. டாக்டராலேயே சொல்ல முடியாத உறுதியை அவள் எங்கே போய்ச் சொல்லுவாள்? எழுந்துபோய்ப் பெட்டியைப் போட்டாள். குங்குமம் இன்னும் அழியாமல் இருந்தது. அவன் இடது பக்கம் உட்கார்ந்தாள். இந்தத் தடவை குச்சியின் மேல் அவன் கட்டைவிரலை எடுத்து வைத்து, அதன் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

"தெரியுதுங்களா?"

"இல்ல."

"செரி, நடங்க."

படகுக்காரி தன் வசனத்தைச் சொன்னாள். வேடன் கோணல்மாணலாக நடந்து, சுவருக்குள் நிற்கும் அந்த ஆட்டின் மேல் போய் முட்டினான்.

இவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வேலைக்குப் போன கைகள் பத்து விரலோடு வீடு திரும்பட்டும். ஒரு கை சோர்ந்தால் பக்கத்திலேயே இன்னொரு கை இருக்கட்டும்.