கீறலுக்குக் காசு

அந்தப் புது மேலாளருக்கு இந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்த மகராசன் யாரென்று தெரிந்திருந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவள் நாலு கேள்வி கேட்டிருப்பாள். "கீறல் விழுந்த பாட்டிலைக் கண்டுபிடிச்சு எடுத்தா, ஒவ்வொண்ணுக்கும் இனிமே சம்பளத்துக்கு மேல தனியா காசு" என்று அவர் அறிவித்த அன்றே அவளுக்குத் தலை சுற்றியது.

வேலை இதுதான். குழந்தைகளுக்கான இருமல் மருந்தை அடைக்கும் காலிக் கண்ணாடிப் பாட்டில்கள், பின்னால் வெள்ளை விளக்கு எரிய, பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும். முதல் இருக்கையில் அவளுடைய அண்ணி, அடுத்ததில் அவள். கீறல் தெரிந்தால் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். அண்ணிக்கு ஒரு வருஷமாகவே பார்வை மங்கல். "கண்ணாடி போட்டா, கண்ணு போச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்று ஒரே பிடிவாதம். அதனால் அண்ணி விட்டதையெல்லாம் இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எடுத்துவிடுவாள். வெளியே யாருக்கும் தெரியாது.

காசு என்றதும் அண்ணிக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ! தூசி, தண்ணீர்க்கறை, விளக்கின் நிழல் எல்லாமே கீறல்தான். தொட்டி நிறைந்து வழிந்தது. உண்மையான கீறல்கள் மட்டும் வழக்கம்போல அண்ணியைத் தாண்டி இவளிடமே வந்து சேர்ந்தன. கை வேகமானதே தவிர, கண் துளியும் தெளியவில்லை.

"அண்ணி, அதெல்லாம் நல்ல பாட்டில். ஏன் இப்படிப் பண்றீங்க?"

"எனக்குத் தெரியுது, எடுக்கிறேன். உனக்கு ஏன் வயிறு எரியுது?"

யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மாதக் கடைசியில் மேலாளர் எல்லோரையும் கூட்டினார். இருப்பதிலேயே கூர்மையான கண் அண்ணியுடையதாம். நாளை முதல் அண்ணி ஒருத்தியே போதுமாம். இவள் பக்கத்து மேசைக்குப் பெட்டி கட்டப் போக வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் அண்ணியின் வேலை போகும். சொல்லாவிட்டால் கீறல் பாட்டிலிலிருந்து உடைந்த கண்ணாடிச் சில்லு ஏதோ ஒரு குழந்தையின் வாய்க்குள் போகும்.

தொட்டியிலிருந்து ஒரு நல்ல பாட்டிலை எடுத்து நீட்டினாள். "சார், இதுல கீறல் எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க."

"இதோ, கழுத்துகிட்ட" என்றாள் அண்ணி.

மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொட்டி நிறைந்தால் மேலிடத்திலிருந்து அவருக்கும் பரிசு உண்டு. "ஆமா, மெல்லிசா தெரியுதே! உங்களுக்குத் தெரியலையா?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் பெட்டி கட்டினாளே ஒழிய, கண்ணெல்லாம் பெல்ட்டில்தான். ஒரு பாட்டில் வந்தது. கழுத்திலிருந்து அடிவரை கோடு. அண்ணி அதை விட்டுவிட்டு, அடுத்து வந்த நல்ல பாட்டிலை எடுத்துத் தொட்டியில் போட்டாள். இவள் ஓடிப்போய்க் கீறல் பாட்டிலைப் பிடுங்கி, அண்ணியின் விரலைக் கோட்டின்மேல் மெதுவாக நகர்த்தினாள்.

அண்ணியின் முகம் வெளுத்தது. "நேத்து சார் பாத்தாரே... அதுல கீறல் இருந்துச்சுதானே?"

"இல்ல அண்ணி. அதுல ஒண்ணுமே இல்ல."

பெல்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி எழுந்தாள். சிவப்புப் பொத்தானைக் கையால் தடவித் தேடி அழுத்தி, பெல்ட்டை நிறுத்தினாள்.