துளசிப் புழுவா, புதினாப் புழுவா

சங்கரன்கோவிலில் ஷரீபா பீவி வீட்டுக்கும் பிரேமலதா வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மொட்டைமாடிச் சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் ஷரீபாவின் புதினாத் தொட்டிகள், அந்தப் பக்கம் பிரேமலதாவின் துளசி. ஆடி மாதத்தில் இரண்டிலும் இலைகள் சுருண்டன. பிரித்தால் உள்ளே மெல்லிய நூல் கட்டி ஒரு பச்சைப் புழு.

"அக்கா, ஒங்க புதினாவுலருந்துதான் வருது" என்றாள் பிரேமலதா.

"ஒன் துளசியிலதான் நான் மொதல்ல பாத்தேன்" என்றாள் ஷரீபா.

அதோடு பேச்சு நின்றது. பூச்சி அண்டாது என்ற நம்பிக்கையில் பிரேமலதா கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைத் துளசியைச் சுற்றித் தூவினாள், சுவர்மேலும் கொஞ்சம். புழுக்கள் நிறுத்தாமல் தின்றன.

ஷரீபா ஒரு புழுவை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தினாள். புதினாவையும், சுவர் தாண்டி நீண்டிருந்த துளசியில் ஒரு கொத்தையும் உள்ளே வைத்தாள். எதைத் தின்கிறதோ அந்தச் செடியின் புழு. அது இரண்டையும் தின்றது.

சவூதியில் தம்மாமிலிருந்து வீடியோ காலில் கணவர் மன்சூர் அலி, "வீட்டுல என்ன விசேஷம்?" என்றார். பாட்டிலைக் காட்டினாள்.

"சாப்பிடுதா?"

"நல்லா சாப்பிடுது."

"சரி, பாத்துக்கோ."

புழு கூடு கட்டியதும் வீடு வெறிச்சென்று ஆனதுபோல் ஷரீபாவுக்கு இருந்தது. ஒரு சாயங்காலம் கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வந்தது. நகத்தளவு, மஞ்சள் இறகில் பழுப்புக் கோடு. பாட்டிலோடு பிரேமலதா வீட்டுக்குப் போனாள்.

"தொறந்து விடுதேன். எந்தச் செடிக்குப் போகுதோ அதுக்குச் சொந்தம்."

பிரேமலதா ஒப்புக்கொண்டாள். மாடியிலிருந்து ஒரு புதினாத் தொட்டியையும் ஒரு துளசித் தொட்டியையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். பூச்சி இரண்டையும் கடந்து, டிவி பார்த்துக்கொண்டிருந்த பிரேமலதாவின் கணவன் லிங்கேஷின் வழுக்கையில் போய் உட்கார்ந்தது.

லிங்கேஷ் கையை ஓங்கினான்.

"அடிக்காதீய!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"நான் வளத்ததாக்கும்" என்றாள் ஷரீபா.

"எங்க துளசியையும் தின்னுதான வளந்துச்சு?" என்றாள் பிரேமலதா.

ஷரீபா தொட்டிகளை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். பிரேமலதா டீ போட்டாள். பூச்சி ஜன்னல் வழியாக வெளியேறும்வரை லிங்கேஷ் அசையாமல் செய்தி பார்த்தான்.

மறுநாள் காலை இருவரும் சுருண்ட கிளைகளைச் சேர்ந்தே வெட்டினார்கள். எடுத்த புழுக்களை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில் மட்டும் மதியம்வரை சண்டை நடந்தது.