இல்லாத சாதனங்களுக்கு ஒரு பஸ்

அந்தக் கழுதை பொம்மை அடாவடியின் மேசைக்கு வந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. மரத்தில் செய்த பொம்மை. ஒரு காது உடைந்திருந்தாலும் முகத்தில் மட்டும் மகாராஜா களை. யார் எழுதிய கம்ப்யூட்டர் கோட் மிஷினைக் கெடுக்கிறதோ அவர் மேசையில் கழுதை ஏறும், அடுத்தவர் கெடுக்கும்வரை இறங்காது. ஆபீஸில் அது ஒரு வழக்கம், விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் தினமும் காலையில் நாற்காலியை இழுக்கும்போது அது உங்களையே முறைத்துக்கொண்டு நின்றால் எவ்வளவு நாள்தான் சிரிப்பீர்கள்?

அடாவடி என்பது அவள் பெயரில்லை. எதற்கும் லேசில் தலையாட்டாதவள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. அவளும் மறுத்துப் பேசவில்லை, அதுவே ஓர் அதிசயம். அவர்கள் செய்வது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று டிரிப்ஸ் ஏற்றும் மிஷின். அதற்குள் ஓடும் கெர்னலையும் அவர்களேதான் எழுதினார்கள். மோட்டார், திரை, மணி என்று மிஷினின் எல்லா உறுப்புகளையும் கட்டி மேய்க்கும் அடிப்படை மென்பொருள்தான் கெர்னல். ஒவ்வொரு உறுப்புக்கும் அதில் ஒரு டிரைவர் உண்டு. குழாய் அடைத்துக்கொண்டால் அலற வேண்டிய மணியின் டிரைவர் அடாவடி எழுதியது.

அந்த மணிதான் ஊமையாகிப் போனது.

கண்டுபிடித்தவர் அவள் வீட்டுக்காரர். அவர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். புது மாடலை முதலில் பரீட்சை பார்த்தது அவர் வார்டில்தான். அன்றைக்கு வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன் மணி அடிக்கவே இல்ல. குழாய் மடங்கிக் கெடக்கு, மருந்து ஒரு சொட்டு இறங்கல. நான் ஏதோ போர்வைய இழுத்து விடப் போனேன், அதனால பாத்தேன். இல்லன்னா?"

"அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"நல்லா இருக்காரு. நான் கேக்குறது, இல்லன்னா?"

அவள் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மருமகள் போனில் எந்நேரமும் பஸ், பஸ் என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அவள் வேலை பார்ப்பது ஏதோ பஸ் கம்பெனி என்று முடிவு கட்டிவிட்டவர். எத்தனை தடவை விளக்கினாலும் அந்த முடிவு மாறவில்லை.

"பஸ் விடுறவங்களுக்கு எதுக்குடா ஆஸ்பத்திரி வேலை?" என்றார் மகனிடம்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த 'இல்லன்னா' அடாவடியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மறுநாள் முதல் கெர்னலைக் குடைந்தாள். தன் டிரைவரைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். ஆபீஸே அதைத்தான் சந்தேகப்பட்டு, கையோடு கழுதையையும் கொண்டுவந்து வைத்துவிட்டது. ஆனால் தேடத் தேட வேறொரு குட்டு வெளிப்பட்டது. திரை அணைந்து மிஷின் தூக்கத்துக்குப் போகும்போது மட்டும்தான் மணி செத்தது. தூங்கும்போதும் கட்டாயம் விழித்திருக்க வேண்டிய உறுப்பு அந்த மணி!

விஷயம் இதுதான். கெர்னலில் போர்டு பஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. நிஜமான உறுப்புகள் வந்து பெயர் கொடுக்கும் இடம் அது: என் முகவரி இது, எனக்குக் கரண்ட் வரும் லைன் நம்பர் இது என்று. ஆனால் உடம்பே இல்லாத சாதனங்களும் கெர்னலில் இருந்தன. ஒன்று கணக்கு வைக்கும், ஒன்று நேரம் சரிபார்க்கும். வெறும் கோட், கையுமில்லை, காலுமில்லை. இருந்தாலும் எங்காவது பெயர் கொடுத்தால்தான் கெர்னல் மதிக்கும். வேறு இடமில்லாததால் அவையும் போர்டு பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டன. வீடே இல்லாதவன் கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்த கதை. லைன் நம்பர் கேட்ட இடத்தை அவற்றை எழுதியவர்கள் நிரப்பவில்லை. நிரப்பாத இடத்தில் கம்ப்யூட்டர் தானாகப் பூஜ்யம் போட்டுக்கொள்ளும். பழைய மாடலில் பூஜ்யம் லைனில் எதுவுமே மாட்டியிருக்கவில்லை. புது மாடலில் அதே லைன் நேராக மணிக்குப் போகிறது. இல்லாத சாதனம் தூங்கப் போனது, கெர்னல் கடமை தவறாமல் அதன் லைனை அணைத்தது, மணியின் உயிர் போனது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்கு வந்த கோபத்துக்குக் கழுதையை ஜன்னல் வழியாக விட்டெறிந்திருப்பாள். எறியவில்லை. உட்கார்ந்து ஒரு புது பஸ் எழுதினாள்.

சின்ன பஸ்தான், இரண்டு பக்கம் தாண்டாது. உடம்பில்லாத சாதனங்களுக்கு மட்டுமானது. பெயர் கேட்கும், அவ்வளவுதான். முகவரி கேட்காது, லைன் கேட்காது. நிரப்ப இடமே இல்லையென்றால் எவனால் தப்பாக நிரப்ப முடியும்?

கெர்னலுக்குள் ஒரு வரி நுழைய வேண்டுமென்றாலும் வாசல்காரர் சம்மதிக்க வேண்டும். கெர்னலை முதன்முதலில் எழுதியவர் அவர். அவர் விட்டால்தான் உள்ளே, அதனாலேயே அந்தப் பெயர். போர்டு பஸ்ஸும் அவர் கைவேலை. பொய்ச் சாதனத்தை அதில் ஏற்றும் வித்தையைத் தொடங்கிவைத்ததும் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் அவர் எழுதிய மாதிரிக் கோடைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள்.

சோதனை அறையில் நிஜமாகவே ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் கிடக்கும், பக்கத்தில் மிஷின், கீழே சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. புது மாற்றம் எதுவானாலும் விவாதம் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் நடக்கும். அன்று மேனேஜர் அம்மாவும் வந்திருந்தார். புது மாடல் வெளியே போகும் நாள் நெருங்கியிருந்தது.

அடாவடி மிஷினைத் தூங்கவிட்டுக் குழாயை மடக்கிப் பிடித்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். சத்தமே இல்லை. பிறகு வாசல்காரரின் பொய்ச் சாதனங்களை எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி மடக்கினாள். மணி அலறியது.

வாசல்காரர் தாடையைத் தடவிக்கொண்டார். "சரிம்மா, ஒத்துக்கறேன். இதுக்குப் போயி ஒரு புது பஸ்ஸா? கொசுவ அடிக்கப் பீரங்கியா? லைன் இல்லன்னு சொல்ற நம்பர ஒவ்வொண்ணுலயும் போட்டு விட்டா முடிஞ்சுது."

"இன்னைக்கு இருக்கறதுல போடுவீங்க. நாளைக்கு ஒருத்தன் புதுசா எழுதுவான், போட மறப்பான். அப்புறம்?"

"மறக்கக் கூடாதுன்னு சொல்லி வைப்போம்."

"சொல்லி வெச்சா மறதி போயிடுமா சார்? மறக்க முடியாத மாதிரி செய்ங்கன்னு கேக்குறேன்."

"நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்தானா?"

"எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். மூணுதான்."

அறையில் ஒரு சிரிப்பு எழுந்து, வாசல்காரர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. அவர் தலையசைத்தார். "உள்ள வராது. நான் விடமாட்டேன்."

"அப்போ என் மணிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

டிரைவர் எழுதியவர் கையெழுத்துப் போடாமல் மிஷின் வெளியே போகாது. மேனேஜர் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க பாரும்மா, நீ போடலன்னா அந்த டிரைவர வேற ஒருத்தருக்கு மாத்திக் கொடுக்க வேண்டியதுதான்."

தன் கையால் எழுதி, ஒவ்வொரு சத்தமாகக் கேட்டுக் கேட்டுத் திருத்திய மணி. அடாவடி குழாயைக் கீழே வைத்தாள். "கொடுங்க மேடம். தாராளமா கொடுங்க. ஆனா தெரிஞ்சே ஒரு ஊமை மணிய என் பேர்ல அனுப்பமாட்டேன்."

"யார் எடுத்துக்கறீங்க?" என்று மேனேஜர் அம்மா திரும்பினார்.

பூனைக்கு யார் மணி கட்டுவது? டிரைவர் கைமாறினால் கழுதையும் கூடவே கைமாறும், அதுவும் வழக்கம். ஒருவர் வாளியைப் பார்த்தார், இன்னொருவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் வாசல்காரர்தான் தொண்டையைச் செருமினார். "நானே எடுத்துக்கறேன்."

அவரே வந்து கழுதையைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் காலி மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சுமை இறங்கிய நிம்மதி துளிகூட வரவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதாள். வீட்டுக்காரர் ஆறுதல் சொல்லத் தெரியாமல் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"விட்டுக்கொடுத்துப் போயிருக்கலாம்ல?" என்றார் மெதுவாக.

"உங்க வார்டுக்கு அந்த மிஷின் வந்தா, நீங்க தினமும் போர்வைய இழுத்துவிடப் போவீங்களா?"

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

வாசல்காரர் வேலையில் குறை சொல்ல முடியாது. இருந்த பொய்ச் சாதனங்கள் எல்லாவற்றிலும், ஒன்று விடாமல், லைன் இல்லை என்று எழுதினார். மிஷின் தூங்கும்போதும் மணி அடித்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷர் நிறுத்தவில்லை. அடாவடியின் வாயை ஒரேயடியாக அடைக்க வேண்டும் என்று, மணிக்குக் கரண்ட் இருக்கிறதா என்று எந்நேரமும் கண்காணிக்க ஒரு குட்டிக் காவல் சாதனம் எழுதிச் சேர்த்தார். அதுவும் உடம்பில்லாத சாதனம்தான். அதைத் தன் பழைய மாதிரிக் கோடிலிருந்தே காப்பியடித்தார்.

கையெழுத்துப் போடுவதற்குமுன் எல்லோரையும் கட்டிலருகே கூப்பிட்டார். அடாவடியைத் தனியாகவும் கூப்பிட்டார். "வாம்மா, நீயும் வந்து கேளு."

மிஷின் தூங்கியது. அவர் குழாயை மடக்கினார்.

சத்தமே இல்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தி மடக்கினார். வாளியில் சொட்டு விழுவதுகூட நின்றுவிட்டது. அவர் காது நுனி சிவந்தது. மணி இருக்கிறதா என்று பார்க்க வைத்த காவல்காரனே மணியை அணைத்துவிட்டிருந்தான்: லைன் நம்பர் நிரப்பவில்லை, பூஜ்யம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இந்த யானை தான் வெட்டிய குழியிலேயே விழுந்தது.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நானே மறந்துட்டேன்," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு நிமிர்ந்தார். "உன் பஸ்ஸ உள்ள கொண்டு வா. கழுதைய நானே வெச்சுக்கறேன். மணிக்கு நீ கையெழுத்துப் போட்டுடு, நாள் நெருங்கிடுச்சு."

மேனேஜர் அம்மா பேனாவையே எடுத்து நீட்டிவிட்டார். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் இறங்கி வந்திருப்பார்கள்.

"போடமாட்டேன் சார்," என்றாள் அடாவடி.

"இன்னும் என்னம்மா?"

"பஸ் மட்டும் வந்தா போதாது. அந்தப் பொய்ச் சாதனம் அத்தனையும் பழைய பஸ்ஸ விட்டு இறங்கி இதுல ஏறணும். உங்க மாதிரிக் கோட அழிக்கணும். நீங்களே அழிக்கணும். அதுவரைக்கும் மணி ஊமைன்னே எழுதி வைங்க."

 வாசல்காரர் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, தன் பழைய கோடை அவள் கண்ணெதிரே அழித்தார்.

எல்லாம் ஏறி முடிந்து, அவள் கையெழுத்துப் போட்ட மிஷின் வார்டுக்குப் போன அன்று மத்தியானம், லீவு போட்டு வீட்டிலிருந்தவளுக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். "இரு, ஸ்பீக்கர்ல போடு. இன்னும் யாருக்கும் மாட்டல, திரை அணைஞ்சிருக்கு. இப்போ குழாய மடக்கறேன்."

வீடு அதிர்ந்தது. கீச்சென்று, ஈவிரக்கமில்லாமல், அடங்கவே அடங்காத அலறல். மாமியார் மடியிலிருந்த பட்டாணி எல்லாம் சிதறி ஓடியது.

"ஐயோ, அத நிறுத்துடி! யாரு பெத்த பிள்ளை இப்படிக் கத்துது?"

அடாவடிக்குக் கண் கலங்கிவிட்டது. போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

"நான் பெத்தது அத்தை. கத்தட்டும்."