முதுகோடு முதுகாக ஒரு பெருக்கல்

1

ஒளிவுமறைவு எதற்கு, இந்தக் கதை எதிர்வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்ததில் பிறந்தது. எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்துக்கு நான் குடிவந்து வெகுகாலமாகிறது. மழை இல்லாத நேரத்தில் இங்கே எனக்கு வேறு வேலை இல்லை. (மழையிலும் அதே வேலைதான். கண்ணாடியை உள்பக்கம் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.) எதிர்வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சோபாவில் முதுகோடு முதுகு சாய்ந்து, ஆளுக்கொரு கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சண்டையா சமாதானமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாததை எழுதித் தீர்த்துக்கொள்வது என் வழக்கம்.

அதே வாரம் ‘லாகரிதம்’ என்ற சொல்லின் பூர்வீகத்தையும் துருவிக்கொண்டிருந்தேன். (சொற்களின் குடும்ப விவகாரமும் எனக்கு அண்டைவீட்டு விவகாரம்தான்.) கிரேக்கத்தில் லோகோஸ் என்றால் விகிதம், அரித்மோஸ் என்றால் எண். இரண்டும் சேர்ந்து விகித எண். பெயர் வைத்தவர் எடின்பரோவின் ஓரத்தில், மெர்கிஸ்டன் கோட்டையில் இருந்த பிரபு. முதலில் வெறுமனே ‘செயற்கை எண்’ என்று கூப்பிட்டாராம், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பாப்பா என்பதுபோல. நாம் மடக்கை என்கிறோம்.

2

முதல் தொடக்கம்: ‘பனிமூட்டம் கவிந்த ஒரு ஜனவரியில்—’

வேண்டாம். மூட்டமில்லாமல் எங்கள் ஊரைத் தொடங்கவே தெரியாதா என்று கடற்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்கள் கேட்பார்கள்.

இரண்டாவது: ‘எஃபி டவ் பேரழகி.’ நான் பார்த்தேனா?

மூன்றாவது இருக்கட்டும்: எஃபி டவ்வுக்குத் தன் புருஷனின் முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும்.

புருஷன் ஆர்ச்சி டாட், நானூறு வருஷத்துக்கு முன் லீத் மாலுமிகளுக்குச் சூரியத் தாள் போட்டுக் கொடுத்தவன். எந்த நாளில், எந்தக் கடலில், சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்ற கணக்கு. ஏழிலக்க எண்ணை ஏழிலக்க எண்ணால் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருத்தர் போட்ட கணக்கை நம்பிக் கப்பலை விட முடியாது. ஆகவே இருவரும் ஒரே பெஞ்சில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, ஒரே கணக்கைத் தனித்தனியே போடுவார்கள். பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. முடித்தவர் பெஞ்சை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருப்பார். அடுத்தவரும் தட்டியபின் இருவரும் ஒன்றாகத் திரும்புவார்கள். விடை ஒத்துப்போகாது. குடும்பம் நடந்தது அங்கேதான்.

“கழிக்கறப்ப கடன் வாங்குன ஒண்ண எங்க விட்ட, ஆர்ச்சி?”

“உங்கப்பா வாங்குன கடனெல்லாம் எங்க போச்சோ, அங்கதான்.”

“எங்கப்பாவ இழுக்காத. போடு மறுபடியும்.”

மீன் கொண்டுவரும் பெஸ்ஸி கைல் வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டுச் சொல்வாள்: “ஏன்டி எஃபி, ஊர்ல எல்லாரும் பீரக் குடிச்சிட்டு சண்ட போடுவாங்க. நீங்க எதக் குடிச்சிட்டுடி போடுறீங்க?”

3

பிறகு பிரபுவின் அட்டவணை வந்தது. பள்ளி வாத்தியார் இரவல் கொடுத்த புத்தகம். சீக்கிரம் திருப்ப வேண்டியிருந்ததால் தேவையான பக்கங்களை மட்டும் ஆர்ச்சி பெயர்த்தெழுதிக்கொண்டான். இனிப் பெருக்க வேண்டாம். ஒவ்வோர் எண்ணுக்கும் துணையாக ஓர் எண் அட்டவணையில் இருக்கிறது. துணைகள் இரண்டையும் கூட்டு. கூட்டியதை அட்டவணையில் தேடி, அது எந்த எண்ணுக்குத் துணையோ அந்த எண்ணுக்குத் திரும்பி வா. விடை.*

(* பிரபு இதை இரண்டு புள்ளிகளாக நினைத்துப் பார்த்தார். ஒன்று ஒரே சீராக நடக்கிறது. மற்றது, போக வேண்டிய தூரம் குறையக் குறைய வேகத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்கிறது. பாதி தூரம் மீதியென்றால் பாதி வேகம். நெருங்கிக்கொண்டே இருக்கும், போய்ச் சேராது. அவரை மந்திரவாதி என்று ஊர் பேசியது. ஊர்ப்பேச்சுக்கு நான் விரோதியல்ல, ஆனால் இருபது வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டவருக்கு மந்திரம் பண்ண நேரம் ஏது?)

குளிர்காலம் முழுக்க இழுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்தது. இருவரும் தட்டினார்கள், திரும்பினார்கள். விடை ஒத்துப்போனது. எல்லா விடையும், முதல் தடவையிலேயே.

“இனிமே நீ உக்கார வேணாம், எஃபி. நானே ரெண்டு தடவ கூட்டிருவேன். நீ போய் வெளிச்சத்தப் பாரு.”

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் வயிற்றெரிச்சல்.

4

இந்த இடத்தில் எஃபிமேல் எனக்குச் சந்தேகம். அவளை மூலையில் அழவைத்திருந்தேன், அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் கடற்கரைக்குப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு ஜனவரியின் மத்தியான வெயிலை அவள் பார்த்ததே இல்லை. விரல்கள் வலிக்காமல் விரிந்தன. கோட்டை இருந்த திசையைப் பார்த்து, “நீங்க நல்லா இருங்க ஐயா” என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, தன் இடத்தைப் பறித்த மனிதருக்கு நன்றி சொல்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள். இரண்டும் உண்மை. எந்த வரியை அடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் விட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. நாமிருவரும் முதல் தடவையிலேயே ஒத்துப்போவதா? அதற்கு வாய்ப்பே இல்லையே.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கணக்கை எடுத்துப் பழையபடி பெருக்கினாள். விடை வேறு. ஆர்ச்சியின் பிரதியை எடுத்தாள். மேலிருந்து கீழே எண்கள் படிப்படியாக இறங்கிவர, ஒன்று மட்டும் படி தாண்டியிருந்தது. பெயர்த்தெழுதியபோது கை நழுவிய ஓர் இலக்கம். பார்த்தது இரண்டு பேர், ஆனால் ஒரே தாளை. ஒரே தப்பை இருவரும் அழகாகச் செய்திருந்தார்கள். அந்தத் தப்பில் பிறந்த சூரியத் தாளோடு வியாழக்கிழமை ஒரு கப்பல் டான்சிக் துறைமுகத்துக்குப் போகிறது.

5

முடிவு அ: எஃபி இலக்கத்தை ரகசியமாகத் திருத்துகிறாள். கப்பல் பிழைக்கிறது, அவள் அடுப்படியில்— (பெஸ்ஸிகூட இதை நம்பமாட்டாள்.)

முடிவு ஆ: எஃபி தாளை நீட்டுகிறாள். ஆர்ச்சி அட்டவணையை அடுப்பில் போடுகிறான். பழைய பெருக்கல், பழைய முதுகு, விரல்வலி. அவளுக்கு இடம் கிடைக்கிறது, வெயில் போகிறது. ஒருத்தர் இருபது வருஷம் உட்கார்ந்து மற்றவர்களை எழுந்திருக்கவைத்திருக்கிறார். அதை நான் நெருப்பில் போடமாட்டேன்.

முடிவு இ-யை எழுதத் தொடங்கினேன். ஆர்ச்சி பெஞ்சின் நடுவில் தனியாக உட்கார்ந்து, இரண்டாம் தடவை கூட்டிக்கொண்டிருக்கிறான். எஃபி உள்ளே வருகிறாள்.

“தள்ளி உக்காரு.”

“எதுக்கு? அதான் முடிஞ்சிருச்சே.”

“வாத்தியார்கிட்டப் போய் புத்தகத்த மறுபடி வாங்கிட்டு வந்திருக்கேன். நீ உன் தாள்ல பாரு. நான் இதுல பாக்கறேன்.”

“என் கையெழுத்துமேல நம்பிக்க இல்லையா?”

“உன்மேல இருக்கு. நாம ஒத்துப்போனதுலதான் இல்ல.”

அவன் நகர்ந்து இடம் விட்டான். முதுகு முதுகைத் தொட்டது. வெளியே இன்னும் வெயில் இருந்தது. அவள் கூட்டி முடித்து, பெஞ்சை இரண்டு தட்டுத் தட்டினாள். சற்றுப் பொறுத்து அவனும் தட்டினான்.

6

இவர்கள் திரும்பும் இடத்துக்கு நான் வரமாட்டேன். நெருங்க நெருங்க என் பேனா அந்த இரண்டாவது புள்ளியைப் போலத் தயங்குகிறது. தவிர, எதிர்வீட்டுக்காரி இப்போதுதான் கணினியை மூடிவிட்டு, சோபாவின் விளிம்பில் விரலால் தட்டுகிறாள். நான் அதைப் பார்த்தாக வேண்டும்.

விடை ஒத்துப்போகாது என்பது உங்களுக்கும் தெரியும். திரும்பியதும் யார் முதலில் வாயைத் திறப்பது என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். எஃபியின் அப்பாவை மட்டும் மறக்காமல் இழுத்துவிடுங்கள்.