நாலாம் மாடிக்குப் போகும் வழி

கீழவை தரைத்தளத்தில் இருந்தது, மேலவை நாலாம் மாடியில். கட்டிடம் கட்டியவனுக்குப் பெயர்களிலிருந்து அவ்வளவுதான் புரிந்திருக்கிறது. அங்கே முப்பத்தோரு வருஷம் லிப்ட் ஓட்டினேன்.

கீழவையில் ஆள்தொகைக்குத் தகுந்த இடம். பெரிய மாநிலத்துக்கு நூறு பேர். ஒரு சின்ன மலை மாநிலத்துக்கு ஒரே ஒருவர், அவருக்கும் தூண் மறைவில் நாற்காலி. மேலவையில் மட்டும், பெரிசோ சிறிசோ, மாநிலத்துக்கு மூன்று பேர். அந்த மலை மாநிலத்தின் மூவரில் ஒருவர்தான் அத்தை. எல்லோருக்குமே அவர் அத்தை. மருத்துவச்சியாக இருந்தவர், அவைத் தலைவரிடம்கூட அவரைத் தானே தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டி அழவைத்த தோரணையில்தான் பேசுவார்.

அணை கட்டி அத்தையின் மூன்று பள்ளத்தாக்குகளை மூழ்கடிக்கும் மசோதாவைக் கீழவை இருபது நிமிஷத்தில் நிறைவேற்றி மேலே அனுப்பியது. முப்பது நாளுக்குள் மேலவை கூடித் திருப்பி அனுப்பாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கூட்டம் நடக்கப் பத்துப் பேர் வேண்டும்.

மறுநாளே லிப்ட் கெட்டுப்போனது. அதாவது, கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "ஃபியூஸைக் கழட்டி சட்டைப் பையில வச்சுக்கோ. கேட்டா ரிப்பேர்னு சொல்லு" என்றார். வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற எட்டு மாசம்தான் பாக்கி.

அப்புறம் கொத்தனார்கள் வந்தார்கள். படிக்கட்டுப் பழுது. கீழிருந்து நாளுக்கு ஒரு படி பெயர்ப்பார்கள். பெயர்த்ததைத் திரும்ப வைக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. அவர்கள் வாய் திறந்து நான் பார்த்ததும் இல்லை. முதல் படி போனபோது உறுப்பினர்கள் சிரித்தார்கள். நாலாவது போனதும் ஏணி வைத்தார்கள். ஏழாவது போன அன்று ஏணியும் போய்விட்டது. மேலவையில் சராசரி வயது எழுபத்திரண்டு. முழங்காலைத் தடவிக்கொண்டு ஒவ்வொருவராக வீட்டோடு நின்றுவிட்டார்கள். அத்தையும் இன்னும் எட்டுப் பேரும் மட்டும் இறங்காமல் மேலேயே தங்கிவிட்டார்கள்.

முப்பதாம் நாள் பிற்பகல், ஊரிலிருந்து பத்தாவது ஆள் வந்து சேர்ந்தார். உடல்வாகைப் பார்த்து அவருக்குப் பூசணி என்று பேர்.

"ஏய் பூசணி, மணி நாலாச்சு, அஞ்சோட கெடு முடியுது, ஏறி வா!" என்று அத்தை மாடியிலிருந்து கத்தினார்.

"எதுல ஏற, அத்தை? நான் என்ன காக்காயா, பறந்து வர?"

அத்தை மேலிருந்தபடியே, கீழே லிப்ட் வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினார். "லிப்ட்காரத் தம்பி, நெஞ்சு வலியா? ஒரு மாசமா சட்டைப் பையைப் பொத்திக்கிட்டே நிக்கிறியே."

பையிலிருந்து கையை எடுத்தேன்.

"என் ஊரு முழுகப் போகுதுப்பா."

ஃபியூஸை மாட்டினேன். பூசணியை ஏற்றியதில் லிப்ட் முனகியது, ஆனாலும் போய்ச் சேர்ந்தது. பத்துக் கைகள் உயர்ந்தன. மசோதாவைத் திருப்பி அனுப்பத் தீர்மானம்.

ஆனால் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தீர்மானம் கீழே சேர்ந்ததற்கு ரசீது வரும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழக்கூடாது. அத்தை காகிதத்தை என்னிடம் நீட்டினார். "நீயே குடுத்துட்டு வா, தம்பி. நாங்க உக்காந்திருக்கோம்."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கீழவை எழுத்தரிடம் சேர்த்தேன். மிகவும் மரியாதையாக முத்திரை குத்தினார். "ரசீதைக் காலைல வாங்கிக்குங்க." வெளியே கண்காணிப்பாளர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஃபியூஸை மறுபடி கழட்டிக் கொடுத்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

காலையில் ரசீது கிடைத்தது. படிக்கட்டும் முழுசாக, பளபளவென்று, புதுக்கல்லில் இருந்தது. ஏறினேன். மூன்றாம் மாடியோடு முடிந்து, சுவர். தொட்டுப் பார்த்தேன், சுண்ணாம்பு காய்ந்திருந்தது. லிப்டிலும் பொத்தான்கள் மூன்றாம் மாடி வரைதான்.

"நாலாம் மாடியா? பெரியவரே, ஓய்வு நெருங்கினா இப்படித்தான்" என்றார் கண்காணிப்பாளர்.

அதே மசோதாவைக் கீழவை மறுபடி நிறைவேற்றியது. முப்பது நாள் போயிற்று. மேலவை கூடவில்லை, எனவே சம்மதம் என்று அறிவித்தார்கள். இப்போது மூன்று பள்ளத்தாக்குகளிலும் தண்ணீர்.

ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலை மூன்றாம் மாடிக்குப் போகிறேன். பத்து மணிக்குக் கூரைக்கு மேலே நாற்காலிகள் நகரும். பிறகு அத்தையின் குரல்.

"தம்பி, ரசீது வந்துச்சா?"

கையில்தான் இருக்கிறது. எந்த வழியாகக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. தண்ணீரைப் பற்றி இன்னும் நான் சொல்லவில்லை.